ஒரே குத்தகைப் பத்திரம்

பாஸ்டனில் ஒரு சிறிய சமூக நில அறக்கட்டளையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் மொத்தம் இரண்டரை ஆட்கள். அந்த அரை ஆள் நான். வாரத்தில் பாதி நாளுக்குத்தான் சம்பளம். என்ன வேலை என்று ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டார். "நிலம் அறக்கட்டளையோடது, மேல இருக்கற வீடு மட்டும் வாங்கறவங்களோடது. 99 வருஷக் குத்தகை. விக்கும்போது இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாதுப்பா" என்றேன். "கோயில் மனையில வீடு கட்டி அடிமனை வாடகை கட்டற மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அதேதான். இங்கே நிர்வாகக் குழுவில் வீட்டுக்காரர்களுக்கும் இடம் உண்டு என்பதுதான் பெரிய வித்தியாசம்.

1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' இந்த வகையில் முதலாவது. அதற்கு வித்திட்ட யோசனைகளில் கிராமத்து நிலத்தை ஊருக்கே பொதுவாக்கும் வினோபாவின் கிராமதானமும் ஒன்று என்று பின்னாளில் தெரிந்தபோது அப்பாவுக்கு மறுபடி போன் போட்டேன். அவர் தூங்கிவிட்டார்.

எங்களைப் போன்ற குட்டி அமைப்புகள் இந்தப் பகுதியில் பல உண்டு. எல்லோருக்கும் மூத்தவர்கள் டட்லி தெருக்காரர்கள், அதாவது பாஸ்டனில் அந்தத் தெருவைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் அமைப்பு. தனியார் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988இல் நகரத்திடமிருந்து வாங்கியவர்கள். எங்கள் நிலைமையோ, ஒரு வீட்டை விற்க, வாங்குபவருக்கு வங்கிக் கடன் தேடி அலைவது. ஒவ்வொரு அமைப்பும் தன் வக்கீலை வைத்துத் தனக்கென ஒரு குத்தகைப் பத்திரம் எழுதியிருந்தது. கடன் அதிகாரி ஒருவர் எங்கள் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "போன மாதம் இதே போல வேறொன்று வந்தது, ஆனால் இதே போல இல்லை" என்றார். எரிச்சலாக வந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்காரர் கடன் கட்டத் தவறினால் வங்கி வீட்டை எடுக்கலாமா, நிலம் யாரிடம் நிற்கும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க எந்த வங்கிக்குப் பொறுமை இருக்கும்?

அப்புறம்தான் நாலு அமைப்புகள் சேர்ந்து ஒரே பத்திரம் தயாரிக்க உட்கார்ந்தோம். ஏழெட்டு மாதம் ஆனது. முக்கால்வாசி நேரம் ஒரே விஷயத்தில் போனது: விற்கும்போது வீட்டுக்காரருக்கு எவ்வளவு? வெர்மான்ட் மாநிலத்தில் எங்களைப் போன்ற ஷாம்ப்ளெய்ன் அமைப்பில், ஏறிய மதிப்பில் கால் பங்கு விற்பவருக்கு. மதிப்பு 80 ஆயிரம் டாலர் கூடியிருந்தால் கைக்கு வருவது 20 ஆயிரம். மீதி வீட்டோடே தங்கி, அடுத்து வாங்குபவருக்கு விலையைக் குறைக்கிறது. "ஏழைகள் வீடு வாங்கினால் மட்டும் லாபம் கூடாதா?" என்று ஒரு குடியிருப்பாளர் அம்மா கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. கால் பங்கையே எழுதினோம். அவர் கேட்டது சரி என்றுதான் இன்றும் எனக்குப் படுகிறது.

கணக்கு தெளிவாக இருந்தும் நான் கோட்டை விட்டேன். ஒரு மறுவிற்பனையில், வீட்டின் மதிப்பு உயர்வோடு நிலத்தின் உயர்வையும் சேர்த்துப் பெருக்கி, விற்பவருக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். பார்த்துக் கண்டுபிடித்தவர் பக்கத்து அமைப்பின் கணக்காளர். ஒரு அமைப்பின் மறுவிற்பனைக் கணக்கை இன்னொரு அமைப்பு சரிபார்ப்பது என்று அதற்குச் சில வாரம் முன்புதான் முடிவு செய்திருந்தோம். அவர் என் மேலாளரிடம் போகாமல் எனக்கு மட்டும் போன் செய்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

வங்கியும் இறங்கி வந்தது. 2010 முடிவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் நில அறக்கட்டளை வீடுகளில் ஜப்தி நடவடிக்கையில் இருந்தவை நூற்றுக்கு அரைகூட இல்லை, பொதுச் சந்தையில் நாலரைக்கு மேல் என்பதைக் காட்டினோம். ஆனால் எண்ணைவிட, நாலு பேரும் ஒரே பத்திரத்தோடு போய் நின்றதுதான் வேலை செய்தது என்பேன்.

எல்லாம் இனித்தது என்று சொல்ல மாட்டேன். ஆறு வீடுகள் கொண்ட ஒரு பழைய மரக் கட்டடத்தை இரண்டு அமைப்புகள் சேர்ந்து வாங்கினோம். வருட முடிவில் சிக்கல்: நிதி தருபவர்களிடம் எத்தனை வீடு என்று காட்ட வேண்டும், அந்த ஆறு யார் கணக்கில்? இரண்டு கூட்டம் போட்டும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் இரண்டு ஆண்டறிக்கைகளிலும் ஆறு ஆறாக அச்சாகிவிட்டது. அந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகியபோது மட்டும், அது உங்கள் கணக்கில்தானே இருக்கிறது என்று இரு பக்கமும் மின்னஞ்சல் பறந்தது.