மரக்காலையில் ஒரு காயம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை எங்கள் மரக்காலையில் (மரம் அரிகிற இடத்தில்) ஒரு பொடியனின் கை வாளில் பட்டுவிட்டது. ஆள் தப்பிவிட்டான். சத்திரசிகிச்சை முடிந்து வாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பின்னேரம் தகப்பன் ஃபோன் எடுத்துச் சொன்னார். நடந்ததை மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

காலபோக அறுவடை முடிந்து சனத்தின் கையில் காசு புழங்குகிற நேரம் இது. கதவு, நிலை, யன்னல் என்று ஓடர் குவிந்து கிடக்கிறது. பொடியன் முதிரைப் பலகை ஒன்றை வட்ட வாளில் அரிந்துகொண்டிருந்தான். முதிரையில் கணு வந்தால் வாள் இறுகும். இறுகிய வாள் பலகையை அவன் பக்கமே உதறி எறிந்திருக்கிறது. தள்ளிக்கொண்டிருந்த இடக் கை வழுக்கி உள்ளே போய்விட்டது. சுண்டுவிரல் துண்டாகிவிட்டது. முன்கையின் உட்பக்கம் ஆழமாகக் கிழிந்திருந்தது.

கந்தோரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் கேட்டது மெசினின் சத்தம் மாறியதுதான். அதன் பிறகுதான் கத்தினான். "மெயினை நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாள் சுற்றிக்கொண்டிருக்கும்போது கிட்டப் போனால் இரண்டாவது ஆளும் விழுவார்.

இரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. இதயத் துடிப்போடு சேர்ந்து பாய்கிறது என்றால் நாடி என்கிற இரத்தக் குழாய் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு ஆளின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம். அவனை நிலத்தில் படுக்கவைத்து, மடித்த துணியைக் காயத்தின் மேல் வைத்து, என் இரண்டு கையாலும் பாரம் முழுவதையும் கொடுத்து அமத்தினேன். துணி நனைந்ததும் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வைத்தேன். அதையும் தாண்டி வந்தது.

அப்புறம் கட்டுத்தான். என் சால்வையை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, முழங்கைக்கு மேலே சுற்றினேன். காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் கட்ட வேண்டும், ஆனால் மூட்டின் மேல் கட்டக்கூடாது. அதனால்தான் முழங்கையைத் தாண்டினேன். ஒரு முடிச்சு, அதன் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவர், அதன் மேல் இன்னொரு முடிச்சு. பிறகு முறுக்கினேன். "அக்கா விடுங்கோ, நோகுது, விடுங்கோ" என்று குழறினான். நோகத்தான் செய்யும். நோகாத கட்டு இரத்தத்தை நிப்பாட்டாது. பீறிட்டது சொட்டாகி, சொட்டும் நின்றது. ஸ்க்ரூ டிரைவர் திரும்பாமல் அதன் பிடியைக் கையோடு சேர்த்துக் கட்டினேன். மரத்தில் குறி போடுகிற மார்க்கரை வாங்கி அவன் கையிலேயே எழுதினேன்: 10.40.

அதற்குள் ஒருவர் கோப்பித்தூள் கொண்டு வந்துவிட்டார். இன்னொருவர் ஓட்டோவைக் கூட்டி வந்துவிட்டார். மூத்த தச்சரான ஓடாவி ஐயா 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடித்துத் தமிழிலேயே இடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டோவில் இருத்தி, கை தொங்கத் தொங்கக் கொண்டுபோவதைவிட, படுக்கவைத்தபடி அம்புலன்ஸில் போவது நல்லது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

மார்ச் 5, புதன்

விரலைப் பற்றி நேற்று எழுதவில்லை. அது மரத்தூளுக்குள் கிடந்தது. இன்னொரு பொடியன் அதை எடுத்து நேரே ஐஸ் கட்டிக்குள் போடப் போனான். ஐஸ் நேரே பட்டால் தசை உறைந்து செத்துவிடும், பிறகு தைத்தும் பிரயோசனமில்லை. நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, சொப்பிங் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள் வைக்கச் சொன்னேன். ஐஸ் பக்கத்துக் கூல்பாரில் கிடைத்தது. பையின் மேலும் நேரத்தை எழுதினோம்.

காயப்பட்டவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். கொடுக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து ஒப்பரேஷன் செய்ய வேண்டிவரும் என்று தெரிந்தால் ஒரு மிடறும் கொடுக்கக்கூடாது. உதட்டை மட்டும் நனைத்துவிட்டேன். மார்ச் வெயிலிலும் அவனுக்குக் குளிர்ந்தது. ஒரு சாரத்தால் போர்த்து, "என்னைப் பார் தம்பி, கண்ணை மூடாதை" என்று கதைத்துக்கொண்டே இருந்தேன்.

"பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கட்டை இளக்கிவிட வேணும் பிள்ளை" என்றார் ஓடாவி ஐயா. முந்தி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அப்படிச் செய்வதில்லை. இளக்க இளக்க உள்ளதும் போகும். வைத்தியர்தான் அவிழ்க்க வேண்டும்.

விரலைப் பொருத்த முடியவில்லையாம். வாள்பல் சதையைக் குதறிவிட்டது. நாடியைத் தைத்திருக்கிறார்கள். கை மிஞ்சும்.

மார்ச் 7, வெள்ளி

"உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று முதலாளி கேட்டார். கல்யாணத்துக்கு முதல் நான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். அங்கே மருத்துவ உதவியாளரும் அம்புலன்ஸும் வந்து நிற்காமல் ஒருவரும் வெளிக்குள் கால் வைக்க முடியாது. அம்புலன்ஸ் பழுது என்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். காயப்பட்ட ஆளை எப்படித் தூக்குவது, யார் ஃபோன் எடுப்பது, எந்தப் பாதையால் போவது என்று திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். கட்டுப் போடுவதை ஒருவருக்கொருவர் போட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டும் போடுவோம்.

அதைத்தான் முதலாளிக்குச் சொன்னேன். கண்ணிவெடி என்றால் எல்லாருக்கும் பயம், அதனால் ஏற்பாடு இருக்கிறது. வாளும் அரிசி மில்லின் பெல்ட்டும் உழவு மெசினும் நாளும் பொழுதும் பழகின சாமான்கள், அதனால் ஒரு ஏற்பாடும் இல்லை. அறுந்த நாடிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? 2009ஐக் கண்ட சனம் நாங்கள். இரத்தத்தைக் கண்டு ஓடமாட்டோம், தூக்க ஓடி வருவோம். ஆனால் ஓடி வந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது எங்கே அமத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். 1990 சேவை 2016 இல் தெற்கில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்துவிட்டது. காசும் இல்லை. ஆனாலும் ஏ9 பெருவீதியை விட்டு உள்ளே போன ஊர்களுக்கு அம்புலன்ஸ் வர நேரம் எடுக்கும். அதுவரைக்கும் பக்கத்தில் நிற்கிறவர்தான் எல்லாம்.

வாளின் மூடியைப் பற்றியும் கேட்டேன். வேலை கெதியாக நடக்க வேண்டும் என்று எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்கள். ஆபத்தான பாகத்துக்கு மறைப்பு இருக்க வேண்டும், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. முதலாளி கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பூட்டச் சொல்லு" என்றார்.

மார்ச் 12, புதன்

மூடி பூட்டியாகிவிட்டது. பெட்டியும் வந்துவிட்டது. கடையில் விற்கிற பெட்டியில் சின்னப் பிளாஸ்டரும் டெட்டோலும்தான் நிறைய. மரக்காலைக்கு அது காணாது. தடித்த கோஸ், அகலமான பண்டேஜ், முக்கோணத் துணி, கையுறை, கத்தரிக்கோல், முறுக்கிக் கட்டுவதற்கென்றே செய்த பட்டி, மார்க்கர் எல்லாம் நானே எழுதிக் கொடுத்து வாங்கினோம். பெட்டிக்குப் பூட்டுப் போடக்கூடாது என்பதில் முதலாளிக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. "சாமான் காணாமல் போகும்" என்றார். "போனால் திரும்ப வாங்குவம்" என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் இருத்தி, அமத்திப் பிடிப்பதையும் கட்டுவதையும் செய்து காட்டினேன். இளம் பொடியள் முதலில் சிரித்தார்கள். ஓடாவி ஐயா தன் கையை நீட்டி "என்ரை கையிலை கட்டிப் பழகுங்கோடா" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

காயத்தில் ஏதாவது குத்தி நின்றால் இழுக்கக்கூடாது என்பதையும் சொன்னேன். மரச்சிராய் என்றாலும் ஆணி என்றாலும், அது அடைத்துக்கொண்டு நிற்கும். இழுத்தால் திறந்துவிடும். சுற்றிவரத் துணி வைத்து அசையாமல் கட்டி அனுப்ப வேண்டும்.

மார்ச் 19, புதன்

பொடியனைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். மற்ற விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. உடற்பயிற்சிக்கு வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டுமாம். "இனி வாள் பிடிக்கேலுமோ அக்கா?" என்று கேட்டான். வைத்தியர் சொன்னதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை.

தாய்க்குக் கவலை சம்பளத்தைப் பற்றி. நட்டஈடு என்று ஒன்று இருப்பதே அவவுக்குத் தெரியாது. 1934ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று கட்டளைச் சட்டம் இருக்கிறது, வேலை செய்யும்போது காயப்பட்டால் கேட்பது உரிமை, முதலாளியிடம் பிச்சை கேட்பதல்ல என்று விளங்கப்படுத்தினேன். வைத்தியசாலைத் துண்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். சம்பளப் பதிவின் பிரதியை முதலாளி தானாகவே எடுத்துத் தந்தார். சாட்சிக் கடிதத்தில் ஓடாவி ஐயா கையெழுத்து வைத்துவிட்டார். நாளைக்குத் தாயோடு தொழில் அலுவலகத்துக்குப் போகிறேன்.