பானை மண்ணில் ஓர் ஓகரினா

18 ஜனவரி 2025, சனி

பொங்கல் முடிந்ததால் பட்டறை மாமாவுக்கு இப்போதுதான் மூச்சு விட நேரம். மார்கழி முழுக்க அவரிடம் நின்று பேசவே முடியாது. சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா (அவருக்கு இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான்) சுற்று வட்டாரத்துக்கெல்லாம் பானை போக வேண்டும் அவருக்கு. இன்று போய்க் கொஞ்சம் மண் கேட்டேன். எதற்கு என்றார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்: 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஓகரினா ஆஃப் டைம்', அந்த வீடியோ விளையாட்டின் நாயகன் லிங்க் கையில் வைத்து ஊதும் மண் ஊதல்.

1998-ல் நிண்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்தது அது. அண்ணன் வேலைக்குப் போனபோது விட்டுப்போன 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில், 2011-ல் வந்த புதுப்பதிப்பாக எனக்குக் கிடைத்தது. வாளும் கேடயமும் எந்த விளையாட்டில்தான் இல்லை? இதில் ஒரு பையன் ஊதினால் மழை கொட்டுகிறது, பகல் இரவாகிறது, குதிரை ஓடி வருகிறது. அன்றிலிருந்து அந்த ஊதல்மேல் ஓர் ஆசை.

"ஊதினா சத்தம் வருமா, இல்ல அலமாரியில வைக்கவா?" என்று கேட்டார் மாமா.

"வரணும் மாமா."

"அப்ப சரி" என்று ஈரத்துணியில் ஒரு கட்டி மண்ணைச் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. ரெசினில் வார்த்து, பளபளவென்று வண்ணம் அடித்த ஓகரினாக்களைப் பார்த்திருக்கிறேன். வேலைப்பாடு அருமை, ஆனால் ஊதினால் பேசாது. வாளை ஃபோமில் செய்யலாம், கேடயத்தை அட்டையில் செய்யலாம். ஓகரினா மட்டும் பாடித்தான் ஆக வேண்டும்.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று மண்ணைத் தொடவில்லை, கணக்கு மட்டும் போட்டேன்.

புல்லாங்குழலில் துளை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஓகரினா அப்படி இல்லை. அது மூடிய கூடு. உள்ளே எவ்வளவு காற்று, திறந்த துளைகளின் மொத்தப் பரப்பு எவ்வளவு, இந்த இரண்டும்தான் சுருதியைத் தீர்மானிக்கின்றன. துளையை விரலுக்கு வாகான இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இத்தாலியில் புத்ரியோ என்ற ஊரில் ஜுசெப்பே தொனாத்தி 1853-ல் செய்தது பத்துத் துளை ஓகரினா. எனக்கு அவ்வளவு தேவையில்லை, விளையாட்டில் லிங்க் ஊதும் பாட்டுகளுக்கு ஐந்தே ஸ்வரங்கள்தான், மேற்கத்தியப் பெயரில் டி, எஃப், ஏ, பி, மேல் டி. டி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, சாதாரண காந்தாரம், ப, சதுஸ்ருதி தைவதம், மேல் ஸ. இசையமைப்பாளர் கோஜி கொண்டோ இதை வைத்துக்கொண்டு எத்தனை மெட்டு கட்டியிருக்கிறார்! செல்டாவின் தாலாட்டு 'த ஸ ப, த ஸ ப' (அந்த ஸ மேல் ஸ்தாயி). லிங்கின் தோழி சாரியாவின் பாட்டு 'க ப த'. மழைப் பாட்டு கீழ் ஸ, க, மேல் ஸ. தேவார வகுப்பில் உட்கார்ந்த யாரும் இதை ஒரே நாளில் பிடித்துவிடலாம்.

அப்படியானால் நான்கு துளை போதும். எல்லாம் மூடினால் ஸ, ஒவ்வொன்றாகத் திறந்தால் மற்ற நான்கும். ஒரு ஸ்தாயி ஏற, திறந்த பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். கடைசித் துளைதான் பெரியது.

26 ஜனவரி, ஞாயிறு

இரண்டு கிண்ணம் கிள்ளி எடுத்து, விளிம்பைக் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டினேன். உருவம் எளிது. உயிர் இருப்பது வாயில். ஐஸ்கிரீம் குச்சியைச் செருகிக் காற்றுவழி அமைத்து, அது முடியும் இடத்தில் ஒரு சதுரச் சாளரம் வெட்டி, சாளரத்தின் எதிர் ஓரத்தைக் கத்திபோலச் சீவ வேண்டும். ஊதும் காற்று அந்தக் கூரில் மோதிப் பிளந்தால்தான் சத்தம். மயிரிழை மேலே கீழே போனாலும் வெறும் 'ஃபூ'தான். நெடுநேரம் 'ஃபூ'தான் வந்தது. அப்புறம் திடீரென்று ஒரு சுத்தமான ஓசை! சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

30 ஜனவரி, வியாழன்

சீனப் பெருநாள் விடுமுறை. மண் தோல்போல இறுகியிருந்தது, துளை போட இதுதான் பதம். சாத்தே குச்சியால் சிறிதாகத் தொடங்கி, சுருதி காட்டும் டியூனர் செயலியைப் பார்த்துப் பார்த்து அகலப்படுத்தினேன். டி-க்குப் பதிலாக சி-யில் வைத்தேன். மண் காய்ந்து வெந்ததும் சுருங்கும். நூற்றுக்குப் பத்து சுருங்கினால் சுருதி ஏறக்குறைய சி-யிலிருந்து டி அளவுக்கு ஏறும். எல்லாத் துளையும் கூடவே சுருங்குவதால் ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

செய்தித்தாளில் சுற்றி நிழலில் காய்கிறது. அதுவரை அத்தை மகளோடு கோரோக் செய்தோம். 2002-ல் செல்டா வரிசையின் 'விண்ட் வேக்கர்' விளையாட்டில் முதலில் வந்த இலைமுகக் குட்டிகள். 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில் 900 பேர் ஒளிந்திருக்கிறார்கள், கண்டுபிடித்தால் "யாஹாஹா!" என்று குதிப்பார்கள். உடம்புக்கு ரப்பர் கொட்டை, முகத்துக்குக் காய்ந்த ரப்பர் இலை, கைகாலுக்கு ஈர்க்குச்சி. கொட்டைகள் தாத்தா பால்வெட்டிய காலத்து ஆசையில் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தவை. இங்கே இப்போது பார்க்கும் இடமெல்லாம் செம்பனை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917-ல் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தானே தொடங்கியது. கொட்டையின் புள்ளிகள் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் எங்கள் கோரோக்குகளும் ஆளுக்கு ஒரு மாதிரி. கடையில் வாங்கும் பொம்மையில் இது வராது.

16 பிப்ரவரி, ஞாயிறு

மாமா சூளை மூட்டினார், ரப்பர் கட்டை விறகு. ஓகரினாவை ஒரு பானைக்குள் வைத்து, அந்தப் பானையை அடுக்கின் நடுவில் வைத்தார். "நேரா நெருப்பு பட்டா சின்னது தாங்காதும்மா." உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் ஆவியாகி வெடிக்கும் என்பதால் முதலில் வெகுநேரம் வெறும் புகைச்சூடுதான். அவசரமே இல்லை அவருக்கு.

18 பிப்ரவரி, செவ்வாய்

வெடிக்கவில்லை! வயிற்றுப் பக்கம் செம்பு நிறம், வாயருகே ஒரு கறுப்புத் தீற்றல். சுருதி டி-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, மெல்ல ஊதினால் சரியாக வந்து உட்காருகிறது. மாமாவுக்குச் சாரியாவின் பாட்டை ஊதிக் காட்டினேன். கையில் வாங்கித் தட்டிப் பார்த்து, "வெந்திருக்கு" என்றார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

21 பிப்ரவரி, வெள்ளி

1986-ல் இதே நாளில்தான் முதல் செல்டா ஜப்பானில் வந்தது.

படத்தைப் பார்த்த தோழி ஒருத்தி, நீலம் அடித்து, முக்கோணச் சின்னம் வரைந்து விற்கலாமே என்றாள். விற்க மாட்டேன். அந்தச் சின்னமும் பெயரும் நிண்டெண்டோவுடையவை, நான் ரசிகை மட்டும்தான். நீலமும் அடிக்கப்போவதில்லை. நீல ஓகரினா அரச குடும்பத்துச் சொத்து, இளவரசி செல்டாவுடையது. அதற்கு முன்பே லிங்க் காட்டை விட்டுக் கிளம்பும்போது, பாலத்தில் நின்று சாரியா தன் ஓகரினாவைக் கொடுப்பாள். எனக்குப் பிடித்தது அதுதான், தோழி கையிலிருந்து வந்தது.

அத்தை மகள் தனக்கும் ஒன்று கேட்கிறாள். அவள் விரல் சின்னது, இந்தத் துளைகளை மூட எட்டவில்லை. கூட்டைச் சிறிதாக்கினால் சுருதி ஏறும். ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவளையே பட்டறைக்கு அழைத்துப்போய் மாமாவிடம் மண் கேட்கச் சொல்லப்போகிறேன்.