புத்தக அலமாரிக்குப் பின்னால் பூத்த பூஞ்சை: நான்கு மாதக் குறிப்புகள்

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் முதல் மாடி வீட்டின் கூடத்தில், சுவரையொட்டி ஏழடி உயரப் புத்தக அலமாரி ஒன்று நிற்கிறது. ஆயுத பூஜைக்காக அதைத் துடைக்கப்போனபோது கீழ்த்தட்டுப் புத்தகங்களின் அட்டைகளில் திருநீறு பூசியதுபோல் வெண்படலம் படர்ந்திருந்தது. அலமாரியை இருவராகப் பிடித்து நகர்த்தியபோது, பின்சுவரில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. "ஓதம் அடிச்சிருக்கு சார்" என்று சொன்ன பெயின்டர், சுவரைச் சுரண்டி ஓதம் தாங்கும் பெயின்ட்டை இரண்டு கை அடித்துவிட்டுப் போனார். மூன்றே வாரத்தில் புள்ளிகள் அதே இடத்தில் திரும்ப வந்தன. அதன் பிறகுதான், அது வெளிச்சுவரே அல்ல, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையில் நிற்கும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் குழாயும் ஓடவில்லை, அதன்மேல் மழையும் படுவதில்லை. அப்படியானால் ஈரம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விதான் ஒரு பொழுதுபோக்காகவே மாறிவிட்டது.

நவம்பர் முதல் வாரத்தில் ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவிகள் இரண்டை வாங்கினேன். இவ்வகை மலிவான கருவிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு போலாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவிகளோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுக்க மூடி வைத்தேன். நனைந்த உப்புக்கு மேலிருக்கும் காற்று 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் நிலைத்துவிடும் என்பதால், கருவி காட்டும் எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே கருவியின் பிழை. ஒன்று 71 காட்டியது, மற்றொன்று 78. இரண்டின் முதுகிலும் திருத்த எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன்.

கருவிகளில் ஒன்றைக் கூடத்தின் நடுவிலும், மற்றொன்றை அலமாரிக்குப் பின்னாலும் வைத்தேன். இரவு பதினோரு மணிக்குக் கூடத்தில் 28 டிகிரி, 83 விழுக்காடு. அதே நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் 25 டிகிரிக்குச் சற்றே கீழே வெப்பம், ஈரப்பதமோ 99. ஒரே கூடத்துக் காற்று இரண்டு இடங்களில் இப்படி மாறுபடுவதற்குக் காரணம், சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்த ஏசிதான். 28 டிகிரியில் 83 விழுக்காட்டு ஈரப்பதம் கொண்ட காற்று, ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராக மாறத் தொடங்கும். பனிப்புள்ளி என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஏசி குளிர்வித்த மெல்லிய சுவர், கூடத்துப் பக்கத்தில் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வியப்பளித்தது அலமாரியின் பங்கு. அலமாரி இல்லாத இடத்தில் கூடத்தின் வெதுவெதுப்பான காற்று சுவரைத் தழுவி, அதைக் கொஞ்சம் சூடாகவே வைத்திருக்கிறது. அலமாரியும் புத்தகங்களும் போர்வைபோல் அந்த வெப்பத்தை மறித்துவிடுவதால், பின்னாலிருக்கும் சுவர் இன்னும் குளிர்ந்துவிடுகிறது. கொரோனாக் காலத்தில் காய்ச்சல் பார்க்க வாங்கிய துப்பாக்கி வடிவ வெப்பமானியில், பொருள்களின் வெப்பத்தை அளக்கும் வசதியும் இருந்தது. அதைக் கொண்டு பார்த்தபோது, வெற்றுச் சுவருக்கும் அலமாரிக்குப் பின்னாலுள்ள சுவருக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பூஞ்சைக்கு அந்த ஒரு டிகிரியே போதும்; சுவரில் நீர் வழிய வேண்டும் என்பதில்லை, மேற்பரப்பின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தாலே அது முளைத்துவிடும்.

ஆனாலும் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறதா என்ற ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள விரும்பினேன். சமையலறையிலிருந்த அலுமினியத் தாளில் ஒரு முழம் வெட்டி, அலமாரிக்குப் பின்னால் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, தாளின் வெளிப்புறத்தில் கடுகளவு நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. விரலால் தொட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக இறங்கின. இரண்டு நாள் கழித்துத் தாளைப் பிரித்தேன், சுவரைத் தொட்டிருந்த பக்கம் உலர்ந்தே இருந்தது. ஈரம் காற்றிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியாகிவிட்டதால், பெயின்ட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி யோசிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது, கூடத்துக் காற்றில் இவ்வளவு ஈரம் ஏன் என்பது. மழைக்காலத்தில் துணிகளைக் கூடத்தில் கொடி கட்டி உலர்த்துவது எங்கள் வழக்கம். வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த ஒரு நடைத் துணியை எடை போட்டேன்: 6.1 கிலோ. மறுநாள் உலர்ந்தபின் 3.9 கிலோ. ஆக, இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை ஒரே இரவில் நாங்களே வீட்டுக் காற்றில் கலந்திருக்கிறோம். துணியை இப்போது பால்கனியில், கூடத்துக் கதவை மூடிவிட்டு, டேபிள் ஃபேன் காற்றில் உலர்த்துகிறோம். உலர ஒரு நாள் கூடுதலாகிறது என்ற முணுமுணுப்பு வீட்டில் இருக்கத்தான் செய்கிறது.

ஜன்னல் விஷயத்தில் நான் முதலில் தவறு செய்தேன். விழுக்காட்டை மட்டும் பார்த்து, வெளியே 90 என்றால் மூடுவதும் 70 என்றால் திறப்பதுமாக இருந்தேன். ஜனவரி காலையில் வெளிக்காற்று 22 டிகிரி, 90 விழுக்காடு இருந்தாலும், அதன் பனிப்புள்ளி 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், அது கூடத்துக்குள் வந்து சூடானதும் உலர்காற்றாகிவிடும். நவம்பர் மழையின்போது 25 டிகிரி, 92 விழுக்காட்டில் வரும் காற்றோ உள்ளேயிருக்கும் ஈரத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது. எனவே பனிப்புள்ளிக் கணக்கு அட்டவணை ஒன்றை அச்சிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பலனளிக்காதவற்றையும் பதிவு செய்கிறேன். திறந்த தட்டுகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்தது வீண். கூடத்துக் காற்று முழுவதும் வந்துபோகும் இடத்தில் அவை ஓரிரு நாளிலேயே நிறைந்துவிட்டன. மூடிய டப்பாவில் இருக்கும் கேமரா லென்ஸுக்கு மட்டும் இப்போது அவற்றைப் பயன்படுத்துகிறேன். பாச்சை உருண்டை பூச்சியைத் தடுக்குமேயன்றி ஈரத்தை உறிஞ்சாது. அம்மாவின் யோசனைப்படி புத்தகங்களுக்கிடையில் பச்சை வேப்பிலை வைத்தேன். இலையின் ஈரமே பக்கங்களில் பழுப்புக் கறையாகப் படிந்தது. நிழலில் சருகாக உலர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று அம்மா பிறகுதான் சொன்னார்.

டிசம்பர் நடுவில் சுவரைச் சுத்தம் செய்தேன். உலர்ந்த நிலையில் சுரண்டினால் பூஞ்சை வித்துகள் வீடெங்கும் பறக்கும் என்பதால், முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவினேன். அதோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் நச்சுவாயுவான குளோரின் கிளம்பும். கறை போனபின் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்த்த சுண்ணாம்பை மூன்று கை பூசினேன். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வேர்பிடிப்பதில்லை. காற்றுப்பட்டுக் காரம் காலப்போக்கில் குறைந்துவிடும் என்பதால் அடுத்த ஆண்டும் அடிக்க வேண்டியிருக்கும். புத்தகங்களை மொட்டைமாடி நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தட்டியெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

இப்போது ஏசி 26 டிகிரியில் ஓடுகிறது. அலமாரியின் பின்பலகை கழற்றப்பட்டு, அலமாரி சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் பின்னாலிருக்கும் கருவி இரவில் 74க்கு மேல் போகவில்லை. இது மழையற்ற மாதம் என்பதால், அந்த எண்ணை வெற்றியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வரும் அக்டோபரிலும் அலுமினியத் தாளை அதே இடத்தில் ஒட்டப்போகிறேன். அதற்குள் பரணைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கிருக்கும் தோல் பெட்டியிலிருந்து இரண்டு நாளாக முடைநாற்றம் வருகிறது.