தென்னைமரம் இல்லாத பீச்

இந்தப் பிறந்தநாளுக்கு என் மகள் எனக்கு வேட்டி சட்டை எடுத்துத் தரவில்லை. போனில் ஒரு டிக்கெட் அனுப்பினாள். ‘வடசென்னைக் கடற்கரை: ஒரு நாள் போட்டோ டூர்’. ஆளுக்கு 1,800 ரூபாய். விடியற்காலை நாலே முக்காலுக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசலில் ஆரம்பித்து, பொழுது சாயும்போது எண்ணூரில் முடியும். வேன், டிபன், சாப்பாடு, கூடவே வந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், எல்லாம் அதில் அடக்கம்.

“நம்ம வீட்டுலேர்ந்து காசிமேடு நடந்தா இருபது நிமிஷம். அதுக்கு 1,800 ரூபாயா?” என்று கேட்டேன்.

“வழி உனக்குத் தெரியும்ப்பா. கேமராவோட என்னிக்காவது போயிருக்கியா?” என்றாள்.

போனதில்லை. இத்தனைக்கும் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் 27 வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். 1987இல் திறந்தேன், 2014இல் ஷட்டரை இழுத்துவிட்டேன். பாஸ்போர்ட் சைஸ், குடும்பப் படம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண்ணின் முழுப் படம், கல்யாணம், காதுகுத்து, சாவு. வெளி வேலை என்றால் மண்டபம் அல்லது வீடு. கடல் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

கடலே இல்லாமலும் இல்லை. ஸ்டுடியோவுக்குள் ஒன்று தொங்கியது. சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த ஒருவர், எட்டடிக்குப் பத்தடி காடாத்துணியில் எனக்கு ஒரு சீனரி எழுதிக்கொடுத்தார். நீலக் கடல், வெள்ளை மணல், இடது பக்கம் வளைந்த தென்னைமரம், தூரத்தில் ஒரு பாய்மரப் படகு. அலை மட்டும் கிடையாது. பாலில் சொட்டு நீலத்தைக் கலந்து ஊற்றியது போலக் கடல் அப்படியே கிடக்கும். வாரத்தில் ஆறு நாள் நிஜக் கடலில் கிடந்துவிட்டு ஏழாவது நாள் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வருகிற குப்பத்து ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “இன்னாண்ணா, கடலு தூங்குது?” என்பார்கள். ஆனால் படம் மட்டும் அதற்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே ரோஜாத் தோட்டம், மாடிப்படி எல்லாம் இருந்தன. யாரும் தொடமாட்டார்கள்.

சரி, டூருக்கு வருகிறேன்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கத்துப் பிள்ளைகள். சொல்லிக்கொடுக்க வந்த தம்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும். எல்லோரையும் ‘கைஸ்’ என்று கூப்பிட்டான், என்னை மட்டும் ‘அங்கிள்’. முதலில் ஒரு நல்ல காரியம் செய்தான். ஏசி காரில் வந்தவர்களை உடனே கேமராவை வெளியே எடுக்க வேண்டாம் என்றான். குளிர்ந்த லென்ஸில் கடல் காற்றின் ஈரம் பட்டால் பனி பூத்துவிடும், பைக்குள்ளேயே இருபது நிமிடம் வெளிச் சூட்டுக்குப் பழகட்டும் என்றான். ஒரு பையன் கேட்காமல் எடுத்தான். அரை மணி நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்து, துறைமுக எல்லைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது, டிரோன் கூடவே கூடாது, ஏலம் நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்றெல்லாம் சொன்னான். ஃபிளாஷ் கூடாது என்று சொன்னானா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பான்.

காசிமேட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசைப்படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐஸ் உடைக்கிற சத்தம். மீன்பாடி வண்டிக்காரர் ‘ஓரம் ஓரம்’ என்று கத்திக்கொண்டே இடுப்பில் இடிக்கிறார். தரையெல்லாம் மீன் கழுவிய தண்ணீர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் இந்த இரைச்சலில் பாதிகூட இருக்காது. அதனால்தான் பிப்ரவரியிலேயே கூட்டி வருகிறோம் என்றான் தம்பி. பிள்ளைகள் என்னிடம் ஒவ்வொன்றாகக் கைகாட்டிக் கேட்டார்கள். வவ்வால், வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, கடம்பா. ஐந்து நிமிடத்தில் நானும் ஒரு கைடு ஆகிவிட்டேன்.

அந்தப் பெருமையில் ஏலக்காரர் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்துவிட்டேன். கூறு கட்டிய மீனைச் சுற்றி முப்பது பேர், நடுவில் அவர், வாய் ஓயாமல் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய கல்யாண வீட்டுப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. “யோவ், எவன்யா லைட்டு அட்ச்சது? கண்ணு தெரில!” என்று அவர் கத்த, ஏலம் ஒரு நொடி நின்றது. இந்த வயதில் இப்படித் திட்டு வாங்கி எத்தனை வருடம் ஆகிறது! தம்பி ஓடி வந்து ஃபிளாஷை மடக்கி, வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்கிற ஐஎஸ்ஓ எண்ணை 3200இல் வைத்துக் கொடுத்தான். 100 பிலிமில் வாழ்ந்து, கல்யாணத்துக்கு 400 போட்டாலே படத்தில் புள்ளி புள்ளியாகக் ‘குருணை’ தெரியுமோ என்று பயந்தவன் நான். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் ஏலக்காரரின் நெற்றி வியர்வை வரை படத்தில் விழுந்திருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

ஆறரைக்குச் சூரியன். எல்லோரையும் படகுகளுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, “வெளிச்சத்துக்கு எதிர்ல நின்னு எடுங்க” என்றான். எங்கள் தொழிலில் அது குற்றம். வெளிச்சம் போட்டோகிராபரின் தோளுக்கு மேலாக வந்து ஆள் முகத்தில் விழ வேண்டும் என்று என் குரு தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். இங்கே தம்பி எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே விழுகிற வெளிச்சத்தைப் பாதியாக, குறைக்கச் சொன்னான். குறைத்ததும் படகு, கயிறு, கொடி, படகின் முன்முனையான அணியத்தில் நின்ற பையன் எல்லாம் கறுப்பு நிழலாகி, பின்னால் வானம் மட்டும் சிவந்து எரிந்தது. கிழக்குக் கடற்கரைக்காரனுக்குச் சூரியன் தினமும் கடலிலிருந்துதான் வருகிறது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் இப்படித்தான் வரும் என்பது எனக்கு 62 வயதில்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில்தான் தம்பியோடு ஒத்துப்போகவில்லை. மீன் விற்கும் பெண்களைக் காட்டி, “கேண்டிடா எடுங்க, நீங்க எடுக்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாது” என்றான். நான் யாரையும் சொல்லாமல் எடுத்ததில்லை. பிணத்தைக்கூட வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். சங்கராவும் கவளையும் கூறு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் போய், “ஒரு படம் எடுத்துக்கட்டாம்மா?” என்று கேட்டேன். அந்த அம்மா படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தது.

“நீ கல்மண்டபம் ஸ்டுடியோக்காரருதான? கண்ணாலம் ஆன மறுநாளு உன்னாண்டதான் வந்து போட்டோ புடிச்சோம். தென்னமரம் இருக்கும்ல?”

அப்புறம் என்ன, வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு எழுந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்து, கொண்டையை இறுக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்றது. சூரியன் ஒரு சாண் ஏறியிருந்தது. கடல் பின்னால் வருகிற மாதிரி நிறுத்தினால் முகம் இருட்டு. பக்கத்தில் மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி கிடந்தது. ஸ்டுடியோவில் நான் வெளிச்சத்தைத் திருப்ப வைத்திருந்ததும் தெர்மாகோல்தான், என்ன, அதில் செதில் ஒட்டியிருக்காது. ஒரு பையனை அதைப் பிடிக்கச் சொல்லி, “இன்னும் கொஞ்சம் சாய்ப்பா” என்று முகத்தில் வெளிச்சத்தை ஏற்றினேன். முடியைச் சுற்றி ஒரு பொன் கோடு, முகத்தில் மெத்தென்று வெள்ளை வெளிச்சம். “நாடியக் கொஞ்சம் கீழ. கண்ணு இங்க. சிரிக்க வேணாம், அப்படியே.” ஒரே கிளிக். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், அந்த மூடிய நானும் கொஞ்சம் யூஸ் பண்ணிக்கறேன்” என்றான்.

டிபனுக்குப் பிறகு ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. வேளச்சேரிப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தூண்களை எடுத்தார்கள், ஒருவரையொருவர் எடுத்தார்கள். நான் வேனில் ஒரு தூக்கம் போட்டேன்.

அடுத்து திருவொற்றியூர். இறங்கியதும் ஒரு பெண், “இங்க பீச் எங்க இருக்கு?” என்று கேட்டாள். டிக்கெட்டில் கடற்கரை என்று போட்டிருந்தது, கண்ணுக்கு முன்னால் கருங்கல்தான் இருந்தது. தம்பி பதில் யோசிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். நம் கரையில் கடலின் ஓட்டம் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வரும். சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். 1881 புயல் உடைத்துப் போட்டது, விடாமல் திரும்பக் கட்டினார்கள். வருகிற மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே நின்றுவிட்டது. அங்கே மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று. இந்தப் பக்கம் கடல் எடுத்த மண்ணுக்குப் பதில் மண் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடுகள், தெருக்கள் கடலுக்குள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கல்லும், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தூண்டில் வளைவு என்கிற கல் சுவரும். மெரினாவில் நீங்கள் சுண்டல் தின்கிற மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது என்றேன். அந்தப் பெண் உண்மையிலேயே சங்கடப்பட்டுவிட்டாள். அவளா சுவர் கட்டினாள், பாவம்.

தூண்டில் வளைவில்தான் அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தது. தம்பி டிரைபாட் நிறுத்தி, லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு ஃபில்டரைத் திருகினான். ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். 60இல் ஒரு பங்கு நொடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு முழுதாக ஒரு நொடி தேவைப்படும். அந்த ஒரு நொடியில் அலை பாறையில் மோதி, ஏறி, வழிந்து, எல்லாம் ஒன்றாகக் கரைந்து பனி மாதிரி படியும். அவன் சிறிய திரையில் காட்டினான். அலையே இல்லாத கடல். பாலில் சொட்டு நீலம் கலந்து ஊற்றியது போல. பேனர்க்காரர் 1987இல் என் சுவரில் எழுதிய அதே கடல். இந்த ஃபில்டர் என்ன விலை என்று கேட்டேன். சொன்னான். பேனர்க்காரருக்கு நான் கொடுத்தது 400 ரூபாயும் இரண்டு வேளைச் சாப்பாடும்.

அந்தச் சீனரி பற்றி இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரு பத்து நாள் இருக்கும். ஸ்டுடியோவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டோடு ஆல்பமும் போய்விட்டது, பழைய நெகட்டிவ் இருக்குமா என்று கேட்டு. நான் எதையும் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை. தேதி எழுதிய கவரில் போட்டுப் பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு பெண்ணுக்கு அவள் வீட்டுக்காரரின் படம் கிடைத்தது. தனியாக நிற்கிறார், பேன்ட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தென்னைமரத்துக்குப் பக்கத்தில். பெரிய பிரின்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பின்னாடி கடலு வேணாம்ண்ணா, எத்துடு” என்றாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆளின் ஓரத்தை வெட்டி ஒட்டி, வெறும் சாம்பல் பின்னணியில் மறுபடி படம் எடுத்துப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கொஞ்ச நாளில் சீனரியையும் சுருட்டிப் பரணில் போட்டேன்.

மதியச் சாப்பாடு வெஜிடபிள் பிரியாணிப் பொட்டலம். காசிமேட்டில் ஆரம்பித்த டூரில்! இதை மகளிடம் தனியாகப் புகார் செய்திருக்கிறேன்.

நாலு மணிக்கு எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலையாறு கடலில் சேர்கிற இடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். காலையில் கடலைப் பார்த்து நின்றவர்கள் இப்போது முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கிறோம், சூரியன் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இறங்குகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். வலை விரிந்து வட்டமாக நிற்பது கண் இமைக்கும் நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வையுங்கள், தொடர்ச்சியாக அழுத்துங்கள் என்றான் தம்பி. பிள்ளைகள் கேமரா எல்லாம் தையல் மெஷின் மாதிரி ஓடின. நான் ஒரு ரோலுக்கு 12 படம்தான் வருகிற யாஷிகா கேமராவில் தொழில் கற்றவன், தாலி கட்டுகிற நொடிக்கு ஒரே வாய்ப்பு. முதல் மூன்று வீச்சைச் சும்மா பார்த்தேன். தோள் எப்போது திரும்புகிறது என்று பிடிபட்டது. நாலாவது வீச்சில் ஒரு கிளிக். வலை முழு வட்டம், ஓரத்தில் ஈயக் குண்டுகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. தற்பெருமை என்றாலும் சொல்லத்தான் செய்வேன்.

கரையேறியதும் அவரிடம் படத்தைக் காட்டினேன். பறியில் கொஞ்சம் இறால், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு தண்ணீரில் எண்ணெய் இறங்கிய பிறகு பழைய வலையை உபயோகிக்கவே முடியவில்லை, இது புதுசு என்றார். “வலை நல்லா வந்துகீது” என்று மட்டும் படத்தைப் பற்றிச் சொன்னார். அவர் எப்படி வந்திருக்கிறார் என்று பார்க்கவே இல்லை.

வேனில் திரும்பும்போது தம்பி லென்ஸை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். உப்பு காய்ந்த பிறகு வெறும் துணியால் தேய்த்தால் கீறிவிடும். அன்றைய படங்களை எண்ணினார்கள். ஒரு பையன் 1,400 என்றான். நான் 41.

அடுத்த ஞாயிறு தனியாகக் காசிமேடு போனேன், டிக்கெட் இல்லாமல். மீன்கார அம்மாவின் படத்தை எட்டுக்குப் பத்தில் பிரின்ட் போட்டு, பழைய ஞாபகத்தில் அட்டை மடிப்புக்குள் வைத்து எடுத்துப் போயிருந்தேன். பின்னால் நிஜக் கடல், நிஜப் படகு, நிஜ வெளிச்சம். அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கியது. பக்கத்துக் கடைக்காரியும் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“நல்லாத்தான் கீது,” என்றது. “தென்னமரத்த ஏண்ணா எத்துட்ட?”