அந்த ஐந்து மாதம்

“ஆண்டவர் ஒரு வழி விடுவார் தங்கச்சி” என்றேன். மேசையில் விலகல் கடிதம் இருந்தது. பேனாவைப் பிடித்தபடியே அவள் நிமிர்ந்தாள். “அது எனக்கும் தெரியும் அண்ணா. அஞ்சு மாசம் பொறுக்கச் சொல்லி முதலாளிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லக்கூட என்னால் முடியவில்லை. மின்வெட்டு நேரம், மின்விசிறி நின்றிருந்தது. கடதாசியில் ஈரம் படக்கூடாது என்று உள்ளங்கையைச் சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கடைசி நேரத்திலும் கடதாசியைக் கவனமாகத்தான் தொட்டாள்.

2022 ஜூன், அந்தோனியார் திருநாள் முடிந்த வாரம். கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்களுடையது கடதாசி இறக்குமதி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன வருடம் அது. பத்தொன்பது பேர் இருந்தோம். நாலு பெயர் எழுதித் தரச் சொன்னார் முதலாளி. கணக்குப் பார்க்கிறவன் நான், எழுதிக் கொடுத்தேன்.

அவள் பார்த்தது இறக்குமதி ஆவண வேலை. கப்பலே வராதபோது ஆவணம் ஏது? அந்தப் பெயரை வேறு எந்தக் காரணத்துக்காகவும் எழுதவில்லை. இதை இன்றைக்கும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

ஆனால் தெரிந்துதான் எழுதினேன். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஆளைக் குறைப்பதென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்பவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கடிதம் வாங்குவது அதற்குத்தான். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அவள் சேர்ந்தது 2017 நவம்பரில். நாலு வருடம் ஏழு மாதம். நவம்பர் மட்டும் இருந்திருந்தால் 48,000 ரூபாய் சம்பளத்துக்கு 120,000 வந்திருக்கும். முதலாளி பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஐந்து மாதச் சம்பளம் 240,000, ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் முதலாளி கட்ட வேண்டியது சேர்த்து இன்னும் 36,000. விற்கச் சரக்கில்லாத மனிதர் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். சரி, மறுத்திருப்பார். கேட்பதற்கு எனக்கு என்ன செலவு?

ஆண்டவர் வழி விடுவார் என்ற அந்த வார்த்தையை நான் சும்மா சொல்லவில்லை. 2019இல் கொட்டாஞ்சேனையில் எனக்குக் கல்யாணக் கார்ட் கடை இருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கடைக்கு ஆள் வரவில்லை. கையில் இருந்ததெல்லாம் வாடகைக்கே போனது. மனைவியின் தாலிக்கொடியைச் செட்டியார் தெருவில் அடகு வைத்துவிட்டு நடந்து வரும்போது, “ஆண்டவர் ஒரு வழி விடுவார்” என்றாள் அவள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முதல் நாள், மறுபடி திறந்தபோது அந்தக் கூட்டத்தில் நாங்களும் நின்றோம். அழுதோம். அடுத்த மாதம் இந்த வேலை கிடைத்தது. எனக்கு லெட்ஜர் முறையைக் காட்டித் தந்தவளும் இந்தத் தங்கச்சிதான். இரண்டு வாரம், ஒரு தடவையும் முகம் சுளிக்காமல்.

ஆகவே விசுவாசம் எனக்குப் பேச்சுக்கு வந்த சொல் இல்லை, அதில் நின்றுதான் பிழைத்தேன். மனைவி சொன்ன அதே வார்த்தைதான். மனைவி சொன்னபோது அவளுடைய கழுத்தும் வெறுமையாக இருந்தது. நான் சொன்னபோது பட்டியல் என் லாச்சியில் இருந்தது, என் பெயர் அதில் இல்லை. வேதாகமத்தில், எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் பிழை செய்தார்கள். அப்படியானால் நான் வாயை மூடிக்கொண்டு கடிதத்தை மட்டும் நீட்டியிருக்க வேண்டுமா? அது இன்னும் கொடுமை அல்லவா? முதலாளியிடம் திறக்க வேண்டிய வாயை அவளிடம் திறந்துவிட்டேன் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், எனக்கும் இரண்டு பிள்ளைகள், அந்த ஜூனில் முதலாளி முன்னால் எவன் வாய் திறந்தான் என்று தோன்றுகிறது. இரண்டையும் செபத்தில் சொல்லியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை. என்ன பாவம் என்று பெயர் வைப்பது?

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை நவநாளில் அவளைக் கண்டேன். மெழுகுதிரி ஏற்றும் இடத்தில், எரிகிற திரி ஒன்றைச் சாய்த்துத் தன் திரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் வீட்டில் இருந்தாளாம். அம்மாவின் மருந்தைக்கூட இரண்டு நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்களாம். பிறகு ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை, பழையதைவிட நல்ல சம்பளம்.

“ஆண்டவர் வழி விட்டார் அண்ணா” என்றாள். குத்திக்காட்டும் குரல் இல்லை, எவ்வளவு தேடியும் எனக்கு அது கேட்கவில்லை. ஐந்து மாதத்தைப் பற்றி நான் சொல்ல நினைத்து வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

“உங்கட வேலை இருக்குத்தானே அண்ணா?”

“இருக்கு” என்றேன்.