முக்கால்வாசி காலியான கூடு

நண்பர் ஒருவர் என் ரிவால்வரின் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, எது காலி என்று சொல்லாமல் கையில் கொடுத்தார். மூன்றாவது இழுப்பில் வெறும் க்ளிக். வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழல் நுனி மண்வெட்டி மாதிரி கீழே குத்தியது. பின்னால் நின்றவர் சிரிக்கவில்லை. "துப்பாக்கிமேல தப்பில்ல சார். சுடறதுக்கு முன்னாடியே நீங்க பயந்துடறீங்க" என்றார்.

அதுவரை துப்பாக்கியின் குறிபார்க்கும் முனையைத் திருகித் திருகி நான் சரிசெய்துகொண்டிருந்தது எதை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

என்னுடையது .357 மேக்னம். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தபோது, கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அதற்கு மிஞ்சிய வேகம் இல்லை என்று பெயர் வாங்கியது. ஆள் மட்டும் புதியவர் இல்லை. 1898-இல் வந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டையே, அதாவது வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் குப்பியையே, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு போல நீட்டினார்கள். அதிக அழுத்தமுள்ள இந்தத் தோட்டா பழைய, பலம் குறைந்த துப்பாக்கிகளுக்குள் முழுதாக நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீட்டல். அழுத்தக் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஸ்பெஷலுக்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. காகித அட்டையில் ஓட்டை போட இத்தனை எதற்கு?

"அப்படியானால் .38 தோட்டாவையே போட்டுச் சுடுங்களேன்" என்பார்கள். சுடலாம், தாராளமாக உட்காரும். ஆனால் கூடு குட்டை என்பதால், அது முடிகிற இடத்துக்கு முன்னால் அறைக்குள் ஈயமும் கரியும் வளையமாகப் படியும். நூற்றுக்கணக்கில் சுட்டுவிட்டு அப்புறம் நீளக் கூட்டைத் தள்ளினால் மாட்டிக்கொள்ளும். அந்த வளையத்தைச் சுரண்டி எடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, மேக்னம் கூட்டிலேயே உதை குறைந்த, மென்மையான தோட்டா செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். (சொந்தமாகத் தோட்டா நிரப்ப அனுமதி உண்டா, என்ன உரிமம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை முதலில் பாருங்கள்.)

குண்டுக்கு வாட்கட்டர். வில்லை வெட்டி என்று அர்த்தம், பெயருக்கு ஏற்ற குண்டு: மூக்கே கிடையாது, தலை தட்டையாக ஒரு சின்ன ஈய உருளை. கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். இது ஆபீஸ் பஞ்ச் போல வட்டமாக வெட்டும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று புள்ளி போடுபவரோடு வாதாட வேண்டியதில்லை. செம்பு உறை போட்ட குண்டுகளை இந்த வேலைக்கு நான் தொடுவதில்லை. அவை குழலை இறுகப் பிடிக்கும், மெதுவாகப் போனால் நடுவழியில் நின்றுவிடலாம். மெழுகு பூசிய ஈயம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சுட்ட கூட்டை இறுக்கி அளவுக்குக் கொண்டுவருவது, அதன் அடியில் பொறி கிளப்பும் பழைய ப்ரைமரைத் தட்டிவிட்டுப் புதியதை அழுத்துவது, வாயைக் கொஞ்சம் விரிப்பது என்பதெல்லாம் கை பழகினால் தானாக நடக்கும். கூட்டை இறுக்கும் அச்சு கார்பைடு என்ற கடினமான பொருளில் இருந்தால் எண்ணெய்கூடத் தடவ வேண்டாம். வாயை அளவுக்கு மேல் விரித்தால் சில சுற்றிலேயே விளிம்பு பிளந்துவிடும், அவ்வளவுதான். மற்றபடி மென்மையாகச் சுட்ட பித்தளை நெடுநாள் உழைக்கும்.

சங்கதி எல்லாம் வெடிமருந்தில்தான் இருக்கிறது. அதை அளப்பது கிரெய்னில். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 0.065 கிராம். பொற்கொல்லர் தராசுக் குன்றிமணியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிரெய்ன் என்று இங்கே எழுதமாட்டேன். மருந்து செய்பவர் வெளியிடும் அட்டவணையைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் உட்பட. மென்மை வேண்டும் என்று எந்த மருந்தையும் இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. எச்110 போன்று மெதுவாக எரியும் மேக்னம் மருந்தைக் குறைத்துப் போடாதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். இதற்கு வேண்டியது சீக்கிரம் எரியும் மருந்து, அதுவும் துளியூண்டு.

வில்லங்கம் அந்தத் துளியில்தான். நீளக் கூட்டின் அடியில் அது ஒரு சிட்டிகை போலக் கிடக்கும், முக்கால்வாசி காலி. முழு மேக்னம் அளவை இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுக்கும். இது இரண்டு தடவை விழுந்தாலும் சாதுவாக உள்ளே உட்கார்ந்திருக்கும், சுடும்போது சிலிண்டரைப் பிளக்கும். விழாமலே போனாலும் வெளியில் தெரியாது.

எனக்கு நடந்தது இரண்டாவது. மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சுடும் இடத்தில் 'டப்' என்று மொட்டையாக ஒரு சத்தம், கையில் உதையே இல்லை. மென்மைக்கு ஆசைப்பட்டவன் அல்லவா, ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டேன்! அடுத்த இழுப்புக்கு விரல் மடங்கும்போது அதே நண்பர் "நிறுத்துங்க!" என்று கத்தினார். மருந்தில்லாத கூட்டிலிருந்து ப்ரைமர் மட்டும் தள்ளிய குண்டு, குழலுக்குள் நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், அல்லது வெடித்திருக்கும். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி எடுத்தோம். அந்தக் குண்டு இன்னும் என் மேசையில், டார்ச் லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

டார்ச் அங்கே இருப்பதும் அதனால்தான். இப்போது ஐம்பது கூடுகளையும் மரத்தட்டில் நிறுத்தி, ஊற்றி முடித்ததும் வரிசை வரிசையாக வெளிச்சம் அடித்து உள்ளே பார்க்கிறேன். எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றுபோல இருக்கிறதா? ஒன்றில் சந்தேகம் என்றாலும் கவிழ்த்துவிட்டு மறுபடி அளப்பேன். அதற்கு முன்னால் ஒரு குண்டுகூடக் கூட்டில் ஏறாது. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, போன் அடுத்த அறையில். தின்பது குடிப்பது எதுவும் அங்கே கிடையாது. ஈயம் கை வழியாக வாய்க்குப் போகும், ஆகவே முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். "தோட்டா செய்யப் போறீங்களா, பூஜைக்குப் போறீங்களா?" என்கிறாள் மனைவி.

போன வாரம் நண்பர் மறுபடி ரிவால்வரை வாங்கி, என் தோட்டாக்களையே போட்டு, இரண்டு அறைகளைக் காலியாக விட்டுக் கொடுத்தார். முதல் க்ளிக்கில் குழல் அசையவில்லை. இரண்டாவதில் லேசாகத் தலையாட்டியது. "ஒண்ணு தேறிச்சு" என்றார்.