ஆறு குஞ்சுக்கு ஐந்நூறு டோஸ்: கொழும்பு வீட்டில் முட்டைக்கோழி

குஞ்சு வாங்குவது ஒரு பின்னேர வேலை. கூடு அடிக்க இரண்டு வார இறுதி போதும். ராணிக்கெட் என்ற கொடிய கோழி நோய்க்கான தடுப்பு மருந்துக்கு மட்டும் நான்கு தடவை அலைய வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் கால்வாயோரம் சின்ன வளவு, ஆறு குஞ்சு, இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆறுக்கு அளவாக எதுவுமே கிடைப்பதில்லை. குஞ்சுப்பெட்டி நூறுக்கு, மருந்துக் குப்பி ஐந்நூறுக்கு, தீன் மூட்டை 50 கிலோ. எல்லாமே பண்ணைக்காரரை நினைத்துக் கட்டப்படுபவை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தபிறகு, வீட்டில் நாலு கோழி வைக்கலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இது.

முதல் இழப்பு குஞ்சிலேயே நடந்தது. "எல்லாம் பேடுதான், பிரவுண் லேயர்" என்று சொல்லித் தந்த மஞ்சள் குஞ்சுகள் எட்டாம் கிழமையில் கொண்டை சிவந்து வாலைத் தூக்கின. எல்லாம் சேவல். இரண்டு மாதத் தீன் வீண். போதாததற்கு, "தம்பி, விடிய நாலரைக்கே எழுப்புது உங்கட சேவல்" என்று பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். அவர் கோபம் நியாயமானது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்களில் (லோமன் பிரவுண், ஹைலைன் பிரவுண், ஷேவர் பிரவுண்) பொரித்த அன்றே நிறத்தில் பால் தெரியும். பேடு செம்பழுப்பு, சேவல் வெளிர் மஞ்சள். ஆகவே பழுப்பு லேயர் என்று சொல்லி மஞ்சள் குஞ்சைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளை லெகோனில் இரண்டு பாலுமே மஞ்சள்தான், அங்கே நிறத்தை நம்ப முடியாது. முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை என்பதையும் அயலவருக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

இரண்டாம் தடவை செம்பழுப்புக் குஞ்சு ஆறு. அடைகாப்புக்கு அட்டைப்பெட்டியும் 60 வாட் பல்பும் போதும். முதல் கிழமை 32 முதல் 35 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைக்க வேண்டும். எல்இடி பல்ப் வெளிச்சம் மட்டும் தரும், சூடு தராது. பழைய இழை பல்பைத் தேடி எடுங்கள். குஞ்சுகள் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு.

இனி மருந்து. மரெக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி பொரிப்பகத்திலேயே முதல் நாள் போடப்படும், போட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். எங்களுக்குச் சொன்ன அட்டவணை இது: முதல் கிழமையில் ராணிக்கெட், இரண்டாம் கிழமையில் கம்போரோ (குஞ்சின் நோயெதிர்ப்பைக் கெடுக்கும் நோய்), நாலாம் கிழமையில் மீண்டும் ராணிக்கெட், ஆறு முதல் எட்டாம் கிழமைக்குள் அம்மை. மருந்து தரும் அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது கையிருப்பில் இல்லை. இரண்டாம் தடவை மருந்து இருந்தது, ஆனால் "ஆறு குஞ்சுக்கு ஐந்நூறு டோஸ் குப்பியை உடைக்க ஏலாது" என்றார் மேசையில் இருந்தவர். அதில் காரணம் இருக்கிறது. உயிருள்ள கிருமியால் ஆன மருந்தைக் கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை வைக்க முடியாது. ஒழுங்கையிலும் பின் தெருவிலும் கோழி வைத்திருந்த மூன்று வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு மூன்றாம் தடவை போனால், ஐஸ் பெட்டி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 2 முதல் 8 பாகைக்குள் வைக்காத மருந்து வெறும் தண்ணீர்தான், அதுவும் சரி. ஆனால் இந்த மூன்று விஷயத்தையும் முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தால் இரண்டு நாள் லீவு மிஞ்சியிருக்கும். அது இன்னும் உறுத்துகிறது. போவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை: மருந்து இருக்கிறதா, ஒரு குப்பி எத்தனை டோஸ், கரைப்பான் கூட வருமா, எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தருவார்கள்.

கரைப்பான் கிடைத்தால் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே நல்லது. குஞ்சு கண் சிமிட்டி மருந்து உள்ளே போகும்வரை கையில் பிடித்திருங்கள். குடிநீரில் கொடுப்பதானால் கொழும்புக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். லீற்றருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கலந்தால் குளோரின் அடங்கும். முழு ஆடைப் பால்மா உதவாது.

கூட்டில் நாங்கள் விட்ட பெரிய பிழை அறுகோண வலை. அது கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது. ஒன்பதாம் கிழமை இரவில், வலையோரம் படுத்திருந்த குஞ்சின் சிறகைப் பிடித்து இழுத்து ஒன்றைக் கொன்றுவிட்டது. கால்வாய்ப் பக்கம் பகலில் கீரியும் கபரகொய்யாவும் (நீர் உடும்பு) வரும். அரை அங்குல வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடித்து, அடியில் ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைத்த பிறகு இழப்பு இல்லை. மீதமிருந்த ஐந்துக்கு 4 அடிக்கு 6 அடிக் கூடு தாராளம். வெள்ளத்துக்காகத் தரையிலிருந்து இரண்டு அடி உயர்த்தினோம். மேல்பக்கம் ஒரு அடி காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும், சாரல் அடிக்காமல் கூரை இரண்டு அடி வெளியே நீள வேண்டும். குந்தும் கட்டை கோழிக்கு 8 அங்குலம். அதை முட்டைப் பெட்டியை விட உயரத்தில் வையுங்கள். தாழ்ந்திருந்தால் கோழி பெட்டிக்குள் படுத்து அதை எச்சத்தால் நிரப்பும்.

தரையில் உமி நாலு அங்குலம். மென்மையான மரத்தூளைக் குஞ்சு தின்னும், போடாதீர்கள். ஒக்டோபர் மழையில் உமி ஈரமானால் இரண்டு நாளுக்குள் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி தயாராகிவிடும். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே மிருக வைத்தியரிடம் கேட்டு அதற்கான மருந்தான அம்புரோலியம் தொடங்குங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் குஞ்சு மிஞ்சாது. உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும். மணமும் அயலவர் முறைப்பாடும் தொடங்குவது இந்த ஈரத்தில்தான். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு டெங்குவை மட்டுமல்ல, கோழி அம்மையையும் பரப்பும்.

தீன் கணக்கில் அவசரம் வேண்டாம். வளர்ந்த கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். ஐந்துக்கு 550 கிராம், மூன்று கிழமைக்குப் 12 கிலோ. மலிவு என்று 50 கிலோ மூட்டை எடுத்தால் மூன்று மாதம் கிடக்கும். கொழும்பின் ஈரப்பதத்தில் அது பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கடையில் திறந்த மூட்டையிலிருந்து நிறுத்து வாங்கினால் கட்டி தட்டியிருக்கிறதா, புளித்த மணம் வருகிறதா என்று பார்த்து எடுங்கள். எட்டாம் கிழமைவரை ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீன்), பதினெட்டுவரை குரோவர் (வளரும் கோழித் தீன்), பிறகு லேயர் (முட்டைக்கோழித் தீன்). சீக்கிரம் முட்டையிடட்டும் என்று லேயர் தீனை முன்கூட்டிப் போட்டால், அதிலுள்ள கூடுதல் கல்சியம் குமரிக்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிஞ்சிய சோறும் தேங்காய்ப்பூவும் ஒரு கைப்பிடியோடு நிற்கட்டும்.

இதையெல்லாம் தவிர்க்க நினைப்பவர்கள் 16 கிழமைக் குமரிக்கோழியாக, தடுப்பூசிப் பதிவோடு வாங்குங்கள். விலை கூட, ஆனால் அதுவரைக்கும் ஒரு கோழி தின்னும் ஐந்தாறு கிலோ தீனையும் மேலே சொன்ன அலைச்சலையும் கணக்கில் எடுத்தால் நட்டமில்லை.

எங்களுக்கு முதல் முட்டை 21ஆம் கிழமை. ஓடு மெல்லியதாக வந்தது. தகரக் கூரையின் வெக்கையில் கோழி இளைத்து மூச்சு வாங்கினால் ஓட்டுக்கான கார்பனேட் இரத்தத்தில் குறையும், தீனும் குறையும். தகரத்துக்கு மேல் கிடுகு போட்டு, நொறுக்கிய சிப்பியைத் தனிச் சட்டியில் வைத்தபிறகு ஓடு தடித்தது. இப்போது ஐந்துக்கு நாலு முட்டை, சில நாள் ஐந்தும்.

முட்டையிடத் தொடங்குமுன் 16ஆம் கிழமையில் போட வேண்டிய ராணிக்கெட்டுக்கு நான்கு வீடும் ஒரே நாளைக் குறித்துக்கொண்டோம். ஒருவர் ஐஸ் பெட்டி கொண்டுபோனார், ஒரு குப்பி, 31 கோழி. காலை எட்டரைக்குப் போய் பத்து மணிக்குள் எல்லாக் கோழிக்கும் சொட்டு விட்டு முடிந்தது.